விமானத்துக்கும் ‘எஃப்சி’ இருக்கிறதா? ஆய்வுக் காலம் எப்போது முடிகிறது? ஒரு நாள் தாண்டினால் என்னாகும்?

2025 நவம்பர் 24, 25 ஆகிய 2 நாட்களில் ஏர் இந்தியாவின் ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று பயணிகளை ஏற்றிக்கொண்டு 8 முறை பறந்தது. எல்லாப் பயணமும் பத்திரமாகத்தான் முடிந்தது. ஆனால், அந்த 8 முறையும் அந்த விமானத்தின் கையில் இருக்க வேண்டிய ஒரு சான்றிதழ் காலாவதியாகி இருந்தது.

டயர் வெடிக்கவில்லை, இன்ஜின் நிற்கவில்லை. அப்புறம் ஏன் இது இவ்வளவு பெரிய செய்தியானது? விமானத்துக்கு யார் ‘தேதி’ குறிக்கிறார்கள்? அந்தத் தேதி எப்படி கணக்கிடப்படுகிறது? ஒரு நாள், இரண்டு நாள் முன்னபின்ன ஆனால் பரவாயில்லையா? விரிவாகப் பார்க்கலாம்.

என்ன நடந்தது?

அந்த விமானம் முன்பு விஸ்தாரா நிறுவனத்தில் இருந்தது. 2024 நவம்பரில் விஸ்தாரா, ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது 70 விமானங்கள் கைமாறின. இணைப்புக்குப் பிறகு இந்த விமானங்களுக்கான முதல் தகுதி மறுஆய்வுச் சான்றிதழை விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவே நேரடியாக வழங்குவது என்று முடிவானது. 69 விமானங்களுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. மிச்சம் ஒன்றுதான்.

அந்த ஒரு விமானம் இன்ஜின் மாற்றும் வேலைக்காகத் தரையில் நின்றது. நின்ற நேரத்திலேயே அதன் சான்றிதழ் காலாவதியானது. இன்ஜின் வேலை முடிந்ததும் விமானம் மீண்டும் சேவைக்கு அனுப்பப்பட்டது. சான்றிதழ் தேதியை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு ஏர் இந்தியாவே இதைக் கண்டறிந்து டிஜிசிஏவுக்குத் தகவல் தெரிவித்தது. விமானத்தை நிறுத்தி வைக்க உத்தரவிட்ட டிஜிசிஏ, விசாரணையும் தொடங்கியது. நடந்தது வருந்தத்தக்கது என்று சொன்ன நிறுவனம், தொடர்புடைய ஊழியர்களைப் பணியிலிருந்து விலக்கி வைத்தது.

அது என்ன சான்றிதழ்?

லாரி, வேன், பஸ் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வண்டிக்கு ஆர்சி புக் ஒன்று, எஃப்சி ஒன்று. ஆர்சி, இந்த வண்டி யாருடையது என்று சொல்லும். எஃப்சி, இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறது என்று சொல்லும். ஆர்சி கையில் இருந்தாலும், எஃப்சி முடிந்துபோன லாரியை ரோட்டில் எடுக்க முடியாது.

விமானத்துக்கு இது 3 அடுக்காக இருக்கும்.

முதலாவது, பதிவுச் சான்றிதழ். விமானம் எந்த நாட்டில், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதற்கு ஆதாரம்.

இரண்டாவது, பறக்கும் தகுதிச் சான்றிதழ். இந்த விமானம் அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்பின்படி கட்டப்பட்டது, பறக்கத் தகுதியானது என்று அரசு தரும் சான்று. ஒருமுறை கொடுத்தால் நீண்ட காலத்துக்கு இருக்கும்.

மூன்றாவது, ‘ஏஆர்சி’ எனப்படும் தகுதி மறுஆய்வுச் சான்றிதழ். இதுதான் எஃப்சி மாதிரி. இதன் ஆயுள் ஓர் ஆண்டு. கடந்த ஓராண்டில் செய்ய வேண்டிய பராமரிப்பு எல்லாம் நடந்ததா, ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா, பாதுகாப்பு உத்தரவுகள் எல்லாம் நிறைவேற்றப்பட்டனவா என்று பார்த்து, விமானத்தையும் நேரில் பரிசோதித்த பிறகே இது கொடுக்கப்படும். இது இல்லாவிட்டால் இரண்டாவது சான்றிதழுக்கும் மதிப்பில்லை. ஏர் இந்தியா விமானத்தில் காலாவதியானது இந்த மூன்றாவது சான்றிதழ்தான்.

விமானத்துக்கு 3 கடிகாரம்

நம்ம பைக் சர்வீஸ் பில்லில் ‘3,000 கிலோமீட்டர் அல்லது 3 மாதம், எது முதலில் வருதோ அது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்போம். விமானத்திலும் இதே தத்துவம்தான். ஆனால் 2 அல்ல, 3 கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடும்.

1. நாட்காட்டி: விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். துரு, ரப்பர் சீல் காய்வது, பேட்டரி வலுவிழப்பது இதெல்லாம் சும்மா நின்றாலும் நடக்கும்.

2. பறந்த நேரம்: இன்ஜின் போன்ற உறுப்புகள் எத்தனை மணி நேரம் வேலை செய்தன என்பதைப் பொறுத்துத் தேய்மானம் அடையும்.

3. சைக்கிள்: ஒருமுறை மேலே ஏறி, கீழே இறங்கினால் அது ஒரு சைக்கிள். சென்னையிலிருந்து லண்டன் போனாலும் ஒன்றுதான். சென்னையிலிருந்து மதுரை போனாலும் ஒன்றுதான்.

இந்த மூன்றாவது கடிகாரம் ஏன் முக்கியம்? மேலே போகும்போது பயணிகள் மூச்சுவிட வசதியாக விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏற்றப்படும். உடல்பகுதி பலூன் போல லேசாக விரியும், இறங்கும்போது சுருங்கும். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் உடைவது போல, இந்த விரிதலும் சுருங்குதலும் சேர்ந்து சேர்ந்து உலோகத்தைக் களைப்படையச் செய்யும்.

1988 ஏப்ரல் 28 அன்று உலகம் இதைக் கண்ணால் பார்த்தது. ஹவாய் தீவுகளுக்கு இடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தின் கூரையின் முன்பகுதி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். மற்றவர்களுடன் விமானிகள் எப்படியோ தரையிறக்கினார்கள். அந்த விமானம் பறந்த நேரம் சுமார் 35,500 மணிதான். ஆனால் அது முடித்திருந்த சைக்கிள் 89,680. தீவுக்குத் தீவு சின்னச் சின்னப் பயணம், கூடவே கடல் உப்புக்காற்று. மணிக்கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அதன் உண்மையான வயது தெரிந்திருக்காது.

ஏ செக், சி செக் என்றால்?

பெரிய விமானங்களை ஒரே நாளில் முழுசாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் ஆய்வைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். தினசரியும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் மேலோட்டமான சோதனை. சில நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை ‘ஏ செக்’. பெரும்பாலும் ஓர் இரவில் ஹேங்கரில் முடிந்துவிடும். ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘சி செக்’. விமானம் பல நாட்கள் சேவைக்கு வராது. ஏ320 ரகத்துக்கு 6 ஆண்டு, 12 ஆண்டுக் கணக்கில் உடல்கட்டமைப்புச் சோதனை; இருக்கை, தரை, உள்பக்கப் பலகைகள் எல்லாம் கழற்றப்படும்.

இந்த இடைவெளிகளை விமான நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. தயாரிப்பு நிறுவனம் பரிந்துரைக்கும். அதை வைத்து விமான நிறுவனம் ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதும். ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் கொடுக்கும். அதன் பிறகு அந்தத் திட்டம்தான் சட்டம்.

தேதியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

‘ஓர் ஆண்டு’ என்பது எல்லா ஊரிலும் ஒரே கணக்கு இல்லை.

அமெரிக்காவில் தனியார் வைத்திருக்கும் சிறிய விமானங்களுக்கு ஆண்டு ஆய்வு கட்டாயம். அங்கே பயன்படுவது ‘நாட்காட்டி மாதம்’ என்ற கணக்கு. ஆய்வு எந்தத் தேதியில் முடிந்தாலும், 12 மாதம் கழித்து வரும் அதே மாதத்தின் கடைசி நாள் வரை அது செல்லும்.

உதாரணமாக, 2025 மார்ச் 3 அன்று ஆய்வு முடிந்தால், 2026 மார்ச் 31 நள்ளிரவு வரை பறக்கலாம். மார்ச் 30 அன்று முடிந்திருந்தாலும் அதே 2026 மார்ச் 31தான்.

இப்போது இன்னொரு கணக்கு. ஒருவர் 2025 பிப்ரவரி 28 அன்று ஆய்வை முடிக்கிறார். அவர் பக்கத்து ஹேங்கர்காரர் அடுத்த நாள், மார்ச் 1 அன்று முடிக்கிறார். முதலாமவருக்கு 2026 பிப்ரவரி 28 வரை. இரண்டாமவருக்கு 2026 மார்ச் 31 வரை. வித்தியாசம் ஒரே ஒரு நாள். பலன் ஒரு மாதம். அங்கே விமானம் வைத்திருப்பவர்கள் மாதத் தொடக்கத்தில் ஆய்வை முடிக்க விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

ஐரோப்பாவில் கணக்கு வேறு. இந்தியாவின் பராமரிப்பு விதிகளும் ஐரோப்பிய விதிகளை முன்மாதிரியாகக் கொண்டவை. இங்கே ஏஆர்சியில் ஒரு குறிப்பிட்ட தேதி எழுதப்பட்டிருக்கும். மாதக் கடைசி வரை என்ற சலுகை கிடையாது. அந்தத் தேதியோடு சரி.

முன்கூட்டியே ஆய்வு செய்தால் நாள் வீணாகுமா?

அமெரிக்கக் கணக்கில் வீணாகும். மார்ச் 31 வரை காலம் இருக்கும்போது ஜனவரியிலேயே ஆய்வை முடித்தால், அடுத்த கெடு ஜனவரி 31 ஆகிவிடும். 2 மாதம் போச்சு.

ஐரோப்பிய முறையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காலாவதித் தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள் மறுஆய்வை முடித்தால், பழைய தேதி மாறாது. சான்றிதழ் டிசம்பர் 20 அன்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 10 அன்றே மறுஆய்வு முடிந்தாலும் அடுத்த கெடு, அடுத்த ஆண்டு டிசம்பர் 20தான். கடைசி நிமிஷம் வரை இழுத்தடிக்காமல் முன்கூட்டியே வேலையை முடிப்பவருக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

100 மணி நேர ஆய்வு: 10 மணி நேரக் கடன்

அமெரிக்காவில் வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் சிறிய விமானங்களுக்கும், பயிற்றுநர் கட்டணம் வாங்கிக்கொண்டு தானே கொடுக்கும் பயிற்சி விமானங்களுக்கும் ஆண்டு ஆய்வு மட்டும் போதாது. 100 மணி நேரம் பறந்தால் ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும்.

நடு வழியில் 100 மணி நேரம் முடிந்தால்? ஆய்வு நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர மட்டும் 10 மணி நேரம் வரை கூடுதலாகப் பறக்கலாம். ஆனால் இது இனாம் இல்லை, கடன். 1,600ஆவது மணியில் செய்ய வேண்டிய ஆய்வை 1,606இல் செய்தால், அடுத்த ஆய்வு 1,706இல் அல்ல, 1,700இல்தான். வாங்கிய 6 மணி நேரம் அடுத்த சுற்றில் கழிந்துவிடும்.

அதே நேரம் 1,590இலேயே ஆய்வு செய்துவிட்டால், அடுத்தது 1,690. சீக்கிரம் செய்ததற்கு 10 மணி நேரம் திருப்பிக் கிடைக்காது. ஆண்டு ஆய்வுக்கோ இந்த 10 மணி நேரம் போல எந்தச் சலுகையும் கிடையாது.

ஆய்வு ‘முடிந்தது’ என்பது எப்போது?

விமானம் ஹேங்கருக்குள் நுழைந்த நாளா? வேலை தொடங்கிய நாளா? இரண்டும் இல்லை. தகுதி பெற்றவர் லாக் புக்கில் தேதி போட்டு, கையெழுத்துப் போட்ட நாள்தான் கணக்கு. மார்ச் 28 அன்று தொடங்கிய ஆய்வு ஏப்ரல் 2இல் கையெழுத்தானால், அது ஏப்ரல் ஆய்வு.

யார் கையெழுத்து என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 100 மணி நேர ஆய்வுக்கு மெக்கானிக் உரிமம் இருந்தால் போதும். அதே வேலைப் பட்டியல்தான் என்றாலும், ஆண்டு ஆய்வில் கையெழுத்துப் போட அதற்கு மேல் தனி ஆய்வு அதிகாரமும் வேண்டும்.

ஏர் இந்தியா விவகாரத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. இன்ஜின் மாற்றிய பிறகு பராமரிப்பு இன்ஜினியர் போடும் கையெழுத்துக்கு, ‘நான் செய்த இந்த வேலை சரியாக முடிந்தது’ என்று அர்த்தம். ‘மொத்த விமானத்தின் ஆண்டுக் கணக்கும் சரி’ என்பது வேறு கையெழுத்து. முதல் கையெழுத்து இருந்தது. இரண்டாவதன் தேதி முடிந்துபோயிருந்தது. வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில், நாட்காட்டி தரையிலும் ஓடுகிறது என்பது மறந்துபோகும். நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் தேதிதான் அதிகம் கண்ணில் படாமல் போகும் தேதி.

தேதி இருந்தாலும் பறக்க முடியாத நேரம் உண்டா?

உண்டு. ஆண்டு ஆய்வு நேற்றுத்தான் முடிந்தது என்றாலும், இன்று ஒரு ‘தகுதி உத்தரவு’ வந்தால் நிலைமை மாறிவிடும். ஒரு ரக விமானத்தில் பொதுவான கோளாறு தெரிந்தால், ஒழுங்குமுறை அமைப்பு இந்த உத்தரவைப் போடும். ஒவ்வொரு உத்தரவுக்கும் தனித்தனிக் கெடு இருக்கும்.

2025 நவம்பர் இறுதியில் இது நடந்தது. ஏ320 குடும்ப விமானங்களின் கட்டுப்பாட்டுக் கணினியில், தீவிர சூரியக் கதிர்வீச்சால் தரவுகள் பாதிக்கப்படலாம் என்று ஏர்பஸ் எச்சரித்தது. உலகம் முழுவதும் சுமார் 6,000 விமானங்கள் பட்டியலில் வந்தன. பயணிகளோடு மீண்டும் பறப்பதற்கு முன்பே மென்பொருளையோ கருவியையோ மாற்ற வேண்டும் என்று ஐரோப்பிய அமைப்பு அவசர உத்தரவு போட்டது. இந்தியாவில் மட்டும் 300க்கும் மேற்பட்ட விமானங்கள். பல விமானங்கள் தாமதமானதற்குக் காரணம் அதுதான். ஆண்டு ஆய்வுத் தேதியைக் காட்டி யாரும் தப்பிக்க முடியவில்லை.

காலாவதியானால் விமானம் அங்கேயே நிற்க வேண்டியதுதானா?

நிறுத்தி வைப்பதில் தப்பில்லை. பறப்பதுதான் தப்பு. அமெரிக்காவில் ஹேங்கரில் மாதக்கணக்கில் தூங்கும் சிறிய விமானத்துக்கு ஆய்வு முடிந்துபோனாலும் அபராதம் கிடையாது. எப்போது எடுக்க வேண்டுமோ அப்போது ஆய்வு செய்துகொள்ளலாம்.

ஆனால் ஆய்வு செய்யும் வசதி வேறு ஊரில் இருந்தால்? அதற்காகச் சிறப்புப் பறப்பு அனுமதி இருக்கிறது. ஒழுங்குமுறை அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். விமானம் அந்த ஒரு பயணத்துக்குத் தாங்கும் என்று தகுதியானவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பயணிகள் யாரும் இல்லாமல், தேவையான பணியாளர்களோடு மட்டும் பறக்க வேண்டும்.

கொஞ்சம் நீட்டித்தால் என்ன?

சில ஆய்வுகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட திட்டத்திலேயே சின்ன விலக்கு இருக்கும். ஆனால் தகுதி உத்தரவுகளுக்கும், ‘இத்தனை சைக்கிளோடு தூக்கிப் போட வேண்டும்’ என்று ஆயுள் குறிக்கப்பட்ட உறுப்புகளுக்கும் அது செல்லாது.

இதில் ஏன் இவ்வளவு கறார்? 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கலிஃபோர்னியா கடற்கரை அருகே பசிபிக் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 88 பேரும் உயிரிழந்தனர். வால் பகுதியில், விமானத்தின் மூக்கை மேலும் கீழும் சமநிலைப்படுத்தும் ஒரு திருகு அமைப்பின் மரைகள் முற்றிலும் தேய்ந்துபோயிருந்தன. அதற்கு கிரீஸ் போதவில்லை. கிரீஸ் போடும் இடைவெளியும், தேய்மானத்தை அளக்கும் இடைவெளியும் ஆண்டுக்கணக்கில் படிப்படியாக நீட்டிக்கப்பட்டிருந்தன. அந்த நீட்டிப்புகளுக்கு ஒப்புதலும் இருந்தது. விபத்துக்கு இதுவும் காரணம் என்று விசாரணை அமைப்பு சொன்னது.

அதாவது அங்கே யாரும் தேதியைத் தாண்டவில்லை. தேதியையே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்தார்கள். ஆய்வுத் தேதி என்பது வெறும் நம்பர் இல்லை. ஒரு தேய்மானம் ஆபத்தாக மாறுவதற்குள் அதைக் கண்டுபிடிக்க குறைந்தது ஒரு வாய்ப்பாவது வேண்டும் என்று போட்ட கணக்கு.

அப்போ, காலாவதியானால் விமானம் ஆபத்தானதா?

நள்ளிரவு 12 மணி ஆனவுடன் இறக்கை கழன்றுவிடாது. நேற்று நன்றாக இருந்த விமானம் இன்றும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் ‘இருக்கலாம்’ என்பதை வைத்து பயணிகளை ஏற்ற முடியாது. சான்றிதழ் முடிந்த நிமிஷத்தில் போவது விமானத்தின் பலம் அல்ல. அது பலமாக இருக்கிறது என்று பொறுப்போடு சொல்ல ஓர் ஆள். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் தாள்களில் இதுவும் ஒன்று.

பயணி தெரிந்துகொள்ள முடியுமா?

டிக்கெட்டிலோ போர்டிங் பாஸிலோ இந்தத் தேதி இருக்காது. விமானத்தின் பதிவு எண்ணை வைத்து அதன் வயதைப் பொதுத் தளங்களில் பார்க்கலாம். ஆய்வுத் தேதி அதில் வராது. விமானம் பழசு என்பதற்காகப் பயப்படவும் வேண்டாம்; புதுசு என்பதற்காக நிம்மதியடையவும் வேண்டாம். 20 வயது விமானமும் கணக்கு தவறாமல் ஆய்வு செய்யப்பட்டால் தகுதியானதே.

அதனால்தான் இந்தப் பொறுப்பு முழுக்க நிறுவனத்தின் மேலும், பறக்கும் முன் ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டிய விமானியின் மேலும், ஒழுங்குமுறை அமைப்பின் மேலும் விழுகிறது. அந்த 8 பயணங்களில் ஏறி இறங்கிய யாருக்கும், தங்கள் விமானத்தின் தேதி முடிந்துபோனது தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியும் இல்லை. வழி இருந்தவர்கள் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த விவகாரத்தின் மொத்தச் சாரம்.